சொல்லிக்கொண்டு போனவள்

பத்தாங் பெர்ஜுந்தாய், மலேசியா,
வெள்ளிக்கிழமை.

என் செல்ல மகள் நித்தியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்க மனம் வரவில்லை, வேளைக்குச் சாப்பிடு. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதே முடித்துவிடுகிறோம், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் கருமாதி முடிந்தது. உன் அத்தை மகன் சரண்தான் பிள்ளை ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தான். அப்பா ஓட்டிய, செம்பனைக் குலை ஏற்றும் லோரியை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். அந்தச் சத்தம் கேட்டதும் தேத்தண்ணி கலக்க எழுந்துவிடுகிறேன்.

ஜப்பானுக்குப் படிக்கப் போனதிலிருந்து, மொழி வகுப்பில் அந்த ஊர்ப் பழக்கவழக்கங்களைச் சொல்லித் தருவதை வாராவாரம் எங்களிடம் சொல்வாய். அப்பா டீக்கடையில் தானே ஜப்பான் போய் வந்தவர் மாதிரி அளப்பார். செருப்பைக்கூட வாசல் பார்த்துத் திருப்பி வைக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அன்றைக்கு நடந்ததற்கு நீ வருத்தப்படாதே. நீ வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க முடியவில்லை. சரண் வீடியோவில் அப்பா முகத்தைக் காட்டியபோது நீ அந்த ஊர் முறைப்படி கறுப்பு உடையில் மண்டியிட்டுச் சத்தமில்லாமல் இருந்தாய். இங்கே நாங்கள் மாரடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் எல்லாருக்கும் குனிந்து வணங்கி, போய்ட்டு வரேன்ப்பா என்றாயே, உறுமிகூட நின்றுவிட்டது. சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும், வரேன் என்றால் இன்னொரு சாவைக் கூப்பிடுவதாகும் என்று குமுதா அத்தை ஆடித் தீர்த்துவிட்டாள். பிள்ளை படிக்கிற ஊரில் சொல்லாம போறதுதான் மரியாதை இல்ல லா என்று நானும் திருப்பிக் கொடுத்தேன்.

அவரவர் நாட்டுப் பழக்கத்தை வகுப்பில் சொல்ல வேண்டும் என்று டீச்சர் கேட்டாராமே. இதைச் சொல். எங்கள் ஊரில் வாய்விட்டு அழுவோம், சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று சொல். பக்கத்து அறைக்குத் தொந்தரவாகும் என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன் என்றாயே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா இல்லாத வீட்டுக்கு வர மனசில்லை, படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை தேடிக்கொள்கிறேன் என்கிறாய். தேடிக்கொள், நான் தடுக்க மாட்டேன். அன்றைக்கு வரேன் என்றாயே, அந்த வார்த்தைக்குப் பரிகாரம் செய்யச் சொல்லி அத்தை தினமும் நச்சரிக்கிறாள். நான் செய்யப்போவதில்லை. அன்றைக்கு நீ சொன்னது அப்பாவுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. சொன்னபடி வந்துவிடு, கண்ணு.

மாரியாத்தா உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் அம்மா,
புஷ்பவள்ளி