எங்கள் தெருவுக்குள் டிரெய்லர் வராது

ஜூன் 3
எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து பக்கத்து மனையை வேவு பார்த்தேன். எழுந்தபோது கைலி குழாய்த் திருகில் மாட்டிக்கொண்டது. நான் வந்தேன், கைலி வரவில்லை. எதிர்வீட்டு பிளெஸ்ஸி டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாவம், பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

ஆனாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். நிலவழகன் மனையை டேப் பிடித்து அளக்கிறார்கள். சவூதியிலிருந்து வந்த மூன்றாம் மாதமே இவனுக்கு அளக்க என்ன இருக்கிறது?

ஜூன் 5
பேப்பரிலேயே வந்துவிட்டது. குடியிருப்பு மனையைக் கனரக வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற விண்ணப்பமாம்; ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாமாம். டிரெய்லர் லாரி ஷெட்! என் மனைவி செவந்தி படுக்கும் அறை ஜன்னலிலிருந்து பதினைந்தடி.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. காலை ஒன்பதுக்குப் படுத்து இரண்டுக்கு எழுவாள். அந்த ஐந்து மணி நேரம் நான் தும்முவதற்குக்கூடத் தெருமுனைக்குப் போகிறவன். ஜன்னலோரம் பதினாறு சக்கரம் ரிவர்ஸ் எடுத்தால் — ?

ஜூன் 6
நிலவழகனே வந்தான்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. ஹார்ன் அடிக்காதீங்கன்னு டிரைவருங்ககிட்ட சொல்லிருவேன்."

"ஏண்டா, என்னைய வாயத் தொறக்காதன்னா தொறக்காம இருப்பேனா?"

"மாட்டீங்க."

"அப்பறம்?"

"ரெண்டு வண்டி வாங்கிட்டேண்ணே. எங்கிட்டுக் கொண்டுபோயி விடுறது?"

செவந்தி உள்ளிருந்து வந்தாள். "தம்பி, நான் ஊசி போடுற ஆளு. தூக்கம் இல்லாம மாத்திப் போட்டுட்டா, நீயா வந்து நிப்ப?"

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். எனக்கும் சிரிப்பு வரவில்லை. போன வாரம் பகலெல்லாம் தெருவில் போர்வெல் போட்டார்கள். அன்று தூங்காமல் டியூட்டிக்குப் போனவள், மறுநாள் காலை திரும்பும்போது கண்ணசந்து ஸ்கூட்டியோடு வேலியில் போய்ச் சாய்ந்திருக்கிறாள். என்னிடம் சொன்னதே நேற்றுதான்.

ஜூன் 14
மனு தயார். நான்கு பக்கம். 'சட்டத்தை மதிக்கும் குடிமகன்' ஆறு இடத்தில் வருகிறான். இரண்டு பேரையாவது குறைக்கச் சொன்னாள் செவந்தி. குறைக்கவில்லை.

இருபத்தேழு கையெழுத்து. இருளாண்டி போட்டுவிட்டுத்தான் என்ன மனு என்று கேட்டார். பிளெஸ்ஸி டீச்சர் என் முகத்தைப் பார்க்காமலே போட்டார்.

ஜூன் 15
ஜெராக்ஸ் கடையில் மனுவை உரக்க வாசித்தேன். இரண்டு பேர் நின்று கேட்டார்கள். கரண்ட் வருவதற்காக நின்றார்களாம்.

ஜூலை 22
புதுக்கோட்டையில் விசாரணை. அதிகாரி ஒரு அம்மா. நான்கு பக்கத்தையும் வாசிக்க எழுந்தேன்.

"உக்காருங்க சார், அதான் தபால்ல வந்துருச்சே." நிலவழகன் பக்கம் திரும்பினார். "வண்டி எந்த வழியா வரும்?"

"எங்க தெரு வழியாத்தான் மேடம்."

"நேர்ல வந்து பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த கையசைவுகள் வீண். அறந்தாங்கி திரும்ப இருவருக்கும் ஒரே பஸ். டிக்கெட்டை அவன் எடுத்தான். எதிரியிடம் வாங்கக் கூடாதுதான். மறுப்பதற்குள் வாயில் கடலை இருந்தது.

ஜூலை 29
அந்த அம்மா வந்தார். தெருவை அளந்தார். மோர் கொடுத்தேன். குடித்தார். இது நல்ல சகுனமா, வெயிலா?

ஆகஸ்ட் 20
ஜெயித்துவிட்டோம்! விண்ணப்பம் நிராகரிப்பு. நிலவழகன் பைபாஸ் பக்கம் இடம் பார்க்கிறானாம். டீக்கடையில் என்னை 'வக்கீல் ஆத்மநாதன்' என்கிறார்கள். நான் தடுக்கவில்லை, இரண்டு பேருக்குச் சட்ட ஆலோசனையும் சொல்லியாகிவிட்டது. செவந்தி இன்று மூன்று மணி வரை தூங்கினாள்.

ஆகஸ்ட் 27
உத்தரவின் நகல் வந்தது. ஃபிரேம் போடலாமென்று பிரித்தேன். என் நான்கு பக்கத்துக்கு ஒரே வரி: 'ஏற்கத்தக்க காரணம் ஏதும் இல்லை.'

நிராகரித்தது தெருவின் அகலத்துக்காக. ஆவணத்தில் முப்பதடி, நேரில் இருபத்தாறு. மீதி நான்கடியில் ஆத்மநாதன் என்பவரின் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறதாம்.