என் ஓட்டை நானே தபாலில் போடுகிறேன்

அக்டோபர் 7, சனி

வாக்குச்சீட்டு வந்துவிட்டது. எங்கள் தீவு நாட்டின் தலைநகர் மஜூரோவில் கிளம்பி, பசிபிக் கடலைத் தாண்டி, இந்த ஆர்கன்சாவுக்கு வந்து, மளிகைக்கடைத் தள்ளுபடித் தாள்களுக்கு நடுவில் கிடந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் ஜெல்டன் குப்பையில் போட்டிருப்பார். என் கணவர் கண்ணுக்குக் கோழித்தொடை விலை மட்டும்தான் தெரியும். பகலெல்லாம் கோழித் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்தும் அதே கோழி.

எங்கள் தீவு மேயர் பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஜெல்டன் வேறு தீவு, அவருக்கு இதில் ஓட்டு இல்லை. ஒருவர் லாண்டல் அண்ணன், பெரியம்மா மகன், இப்போதைய மேயர். இன்னொருவன் போவாஸ், மாமன் மகன், எனக்கு முறை, சரியான வாயாடி. தீவில் இருப்பவர்கள் பாதி என்றால் இங்கே ஸ்பிரிங்டேலில் கோழி எலும்பு நீக்குகிறவர்கள் மீதிப் பாதி. ஆக, அலையைப் பார்த்துப் பல வருஷம் ஆன நாங்கள்தான் அலைக்கு நடுவில் இருப்பவர்களுக்கு மேயர் தேர்ந்தெடுக்கிறோம்.

அக்டோபர் 9, திங்கள்

அண்ணன் கூப்பிட்டார். எடுத்ததும் விஷயம்.

"சீட்டு வந்துதா?"

"வந்துது அண்ணா."

"நம்ம கெஜ்ஜோ வர்றான். எல்லாரோட உறையையும் அவனே வாங்கி ஒரே பையில போட்டு அனுப்பிடுவான். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

கெஜ்ஜோ அண்ணியின் தம்பி. யாருக்கு ஓட்டு என்று அண்ணன் கேட்கவில்லை. தங்கையிடம் அதையெல்லாம் கேட்பார்களா? எங்கள் பக்கம் அண்ணன் சொன்னால் தங்கைக்கு "சரி" என்பதைத் தவிர வேறு சொல் கிடையாது. சரி அண்ணா என்றேன். பிறகு வாய் சும்மா இல்லாமல், அம்மா கல்லறை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்," என்றார்.

போன தேர்தலுக்கும் இதையேதான் சொன்னார். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் கடல் சுவர் வரும் என்றார். கப்பலில் கல்லும் வந்தது. சுவரும் எழும்பியது, அண்ணன் வீட்டுக்கு முன்னால். கல்லறையில் இருப்பவர்கள் ஓட்டுப் போடுவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அக்டோபர் 12, வியாழன்

போவாஸ் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். பெரிய அலை நாளில் எடுத்தது. கடைசி வரிசைக் கல்லறைகள் இரண்டைக் காணவில்லை. தண்ணீர் அம்மாவின் சிலுவைக்குக் கீழே வந்து நின்று திரும்புகிறது. நான் பணம் அனுப்பிப் பதித்த நீல ஓடுகள் பாதி பெயர்ந்துவிட்டன. பிரச்சாரத்துக்குத்தான் அனுப்பினான் என்று தெரியும். தெரிந்துகொண்டே தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

பயமாக இருக்கிறது. அடுத்த வருஷப் பெரிய அலைக்கு அம்மா அங்கே இருப்பாளா? எலும்பைக்கூடக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நான் இங்கே கோழி எலும்பு பொறுக்கிக்கொண்டு இருக்க வேண்டுமா?

அக்டோபர் 15, ஞாயிறு

போவாஸே பேசினான்.

"ஏய் முறைப்பொண்ணு, அன்னைக்கே என்னைக் கட்டியிருந்தா சீக்கிரமே நீ மேயர் பொண்டாட்டி."

"போன தடவை தோத்தவன் பொண்டாட்டியா இருந்திருப்பேன். தப்பிச்சேன்."

சிரித்தான். பக்கத்தில் ஜெல்டனும் சிரித்தார். அண்ணனிடம் வாய் திறக்க முடியாது, மாமன் மகனிடம் எதையும் கேட்கலாம். எங்கள் முறையில் இருக்கிற ஒரே வசதி.

"சுவர் கட்டுவியா, இல்ல நீயும் உன் வீட்டு முன்னாடி கட்டிக்குவியா?"

"என் வீடு எங்க இருக்குன்னு மறந்துட்டியா? தீவுக்கு நட்ட நடுவுல. கடல் அதுவரைக்கும் வந்துட்டா சுவர் எதுக்கு, படகுதான் வேணும்."

"சத்தியமா கட்டுவியா?"

"அத்தை கல்லறையில இருந்துதான் ஆரம்பிப்பேன்." இதைச் சொன்னபோது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

கெஜ்ஜோ வந்துவிட்டான். சர்ச் கூடத்தில் விருந்து. தாழம்பழப் பாகு, உப்புக் கருவாடு, புளிக்கவைத்த ஈரப்பலா எல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்தான். ஒரு வாய் வைத்ததும் கூடமே அமைதியாகிவிட்டது. அப்படியே ஓட்டை வாங்கிவிடலாம் என்று யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

சாப்பிட்ட கையோடு எல்லோரும் சீட்டை எடுத்தார்கள். மேசையில் இடம் இல்லை என்று ஒருவர் முதுகில் வைத்து இன்னொருவர் குறி போட்டார்கள். இதுதான் எங்கள் ரகசிய வாக்கெடுப்பு. உறையை ஒட்டிப் பையில் போட்டார்கள். ஓலையில் பின்னிய அழகான பை.

"அக்கா, உங்களோடது?"

"வீட்லயே மறந்து வச்சுட்டேன் தம்பி."

அது என் கைப்பையில் இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

கெஜ்ஜோ வீட்டுக்கே வந்தான். சோறு போட்டேன், மீன் போட்டேன், உறையை மட்டும் போடவில்லை. இன்னும் ஒட்டவில்லை என்றேன். ஜெல்டன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் போனதும், "உங்க அண்ணன் விஷயம், நான் தலையிடல," என்றார். இந்த மனிதர் எந்த விஷயத்தில்தான் தலையிட்டிருக்கிறார்?

நவம்பர் 4, சனி

காரில் உட்கார்ந்து குறி போட்டேன். போவாஸ் பெயருக்கு நேராக. அண்ணனுக்கு எதிராக என் வாழ்நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போது பேசாமலே செய்துவிட்டேன். என் பையனுக்கு ஞானஸ்நானத்தின்போது பன்றி கொடுத்தவர். அம்மா செத்தபோது குழி தோண்டியவர்களில் முதல் ஆள். அதே குழியைத்தானே காப்பாற்றச் சொன்னேன்? கேட்டால் குறைந்தா போய்விடுவார்?

ஜெல்டனைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். எதையும் பார்க்காமல் போட்டார். நேராகத் தபால் ஆபீஸ் போய் வரிசையில் நின்று கொடுத்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

சர்ச்சில் கெஜ்ஜோவிடம் சொல்லிவிட்டேன். "நானே போட்டுட்டேன் தம்பி. வேலைக்குப் போற வழிதானே."

"நீங்களேவா?" என்றான். நான் ஏதோ விவாகரத்து வாங்கிவிட்டதுபோல் பார்த்தான். இந்நேரம் அண்ணனுக்குப் போன் போயிருக்கும்.

நவம்பர் 19, ஞாயிறு

தேர்தல் நாளை. தேர்தல் தேதிக்குள் தபால் முத்திரை விழுந்தால்தான் சீட்டு செல்லும். பை இன்னும் கெஜ்ஜோ கையில்தான் இருக்கிறது. ஏனென்றால் வேலைக்காக ஓக்லஹோமா போன மூன்று பேருடைய உறை நேற்றுத்தான் வந்தது. இருப்பதை முதலில் அனுப்பு என்று நாலு பேர் சொல்லியும் கேட்கவில்லை. "குடும்பம் பிரிஞ்சு போகக் கூடாது. எல்லாம் ஒண்ணாத்தான் போகணும்." அண்ணன் உத்தரவாம். இன்று போதகர் பையின் மேல் கை வைத்து ஜெபித்தார். ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸ் கிடையாது. நாளைக் காலை முதல் வேலை அதுதான் என்றான்.

நாளை எங்கள் சொந்தக்காரப் பெண் ஷெனிதாவின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் விருந்து. இந்தக் கேமெம் எங்களுக்குக் கல்யாணத்தைவிடப் பெரிது. திங்கட்கிழமை வேண்டாம், சனிக்கிழமை வைத்துக்கொள் என்று ஷெனிதாவின் மாமியாரிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள். பிறந்த நாளில்தான் பிறந்தநாள் என்று ஒரே பிடிவாதம். பாதித் தொழிற்சாலைக்கு நாளை காய்ச்சல் வரப்போகிறது.

நவம்பர் 20, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

காலையில் கெஜ்ஜோவைப் பன்றி வாங்க அனுப்பிவிட்டார்கள். அவனிடம்தான் பெரிய வண்டி. பன்றியோடு வந்தவனை மேயரின் ஆள் என்று முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். பை அவன் நாற்காலிக்குக் கீழே. போதகர் பேசினார். குழந்தையின் பெரியப்பாக்கள் பேசினார்கள். ஆடினார்கள். மேயர் சார்பில் கெஜ்ஜோ பேச வேண்டும், அவன் முறை வரவே இல்லை. கேக் வெட்டிச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து முடியும் முன் மரியாதைக்குரிய விருந்தாளி எழுந்தால் குழந்தைக்கு அவமானம்.

பரிமாறிக்கொண்டிருந்தவள் நான். அவன் என் கையைப் பிடித்து, "அக்கா, மணி என்னாச்சு? தபால் ஆபீஸ் மூடிருவாங்களா?" என்றான்.

சுவரில் கடிகாரம் இருந்தது. எனக்கு நேராக. இப்போதே எழுந்து ஓடு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

"ரெண்டு துண்டு மீன் வைக்கிறேன், சாப்பிடு தம்பி," என்றேன்.

பொய் சொல்லவில்லையே. மீன்தானே வைத்தேன். மீன் வைப்பது குற்றமா?

குற்றம்தான் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் தண்ணீர் அம்மா காலடிக்கு வந்து நிற்கிறதே, நான் என்ன செய்ய?

விருந்து முடிந்து இருட்டின பிறகு அவன் பையோடு ஓடினான். திரும்பி வந்து, ஆபீஸ் மூடியிருந்தது, வெளியே இருந்த பெட்டியில் எல்லா உறையையும் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாகச் சொன்னான். "போட்ட நாள்தானே கணக்கு." ஒருவரும் மறுக்கவில்லை. நானும்தான்.

நவம்பர் 21, செவ்வாய்

அந்தப் பெட்டியைக் காலையில்தான் திறப்பார்கள். இன்றைய தேதிதான் விழுந்திருக்கும்.

டிசம்பர் 8, வெள்ளி

தபால் ஓட்டுகள் எண்ணப்பட்டன. அங்கே கூட்டத்துக்கு நடுவில்தான் எண்ணுவார்கள். யாரோ போனைத் தூக்கிப் பிடிக்க, இங்கே ஷெனிதா வீட்டில் எல்லோரும் கேட்டோம். உறை மேல் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பது வழக்கம். ஸ்பிரிங்டேல் கட்டு வந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்து, தேதி தாண்டியது, செல்லாது, செல்லாது என்று ஒதுக்கிக்கொண்டே போனார்கள். கெஜ்ஜோ தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு என் பெயர். "கார்மினா. செல்லும்."

ஸ்பிரிங்டேலிலிருந்து செல்லுபடியானது ஒன்றே ஒன்று. தனியாகப் பிரித்தார்கள். தனியாகப் படித்தார்கள். போவாஸ்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெல்டன் காலணி மாட்டப் போய்விட்டார்.

போவாஸ் ஜெயித்துவிட்டான். என் ஓட்டு இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பான். அந்தப் பை மட்டும் நேரத்துக்குப் போயிருந்தால் என் ஓட்டு இருந்தும் தோற்றிருப்பான். ஆக, எதற்கும் உதவாத ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு ஊர் முழுக்கத் துரோகி ஆனவள் நான். உண்மையில் வேலை செய்த மீன் துண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

டிசம்பர் 25

அண்ணனுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜனவரி 27, சனி

போவாஸ் படம் அனுப்பினான். அம்மாவுக்கு முன்னால் சுவர். இடுப்பளவு உயரம், கெட்டியாக, முழு நீளத்துக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல ஓடுகள்கூடத் திரும்பப் பதித்திருக்கிறான். சந்தோஷத்தில் ஜெல்டனைக் கட்டிப்பிடித்தேன், அவர் பயந்துபோனார்.

கப்பலே வரவில்லையே, இவ்வளவு சீக்கிரம் கல் ஏது என்று கேட்டேன்.

"ஏது? தீவுல கல்லு எங்க இருந்துச்சோ அங்கிருந்துதான். கவர்மெண்ட் கல்லு, கவர்மெண்டே எடுத்துக்கிச்சு."

அண்ணன் வீட்டு முன்னால் இருந்த கடல் சுவரைப் பிரித்திருக்கிறான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

பெரிய அலை. அம்மா இருக்கும் பக்கம் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லையாம். அண்ணன் வீட்டுக்குள் முழங்காலளவு. படுக்கை, அரிசி, அண்ணியின் தையல் மெஷின் எல்லாம் போயிற்று. அண்ணி மஜூரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். நான் இதைக் கேட்கவில்லை. சுவர்தான் கேட்டேன். இரண்டும் ஒரே கல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 2, சனி

அண்ணன் இங்கே வருகிறார். சொந்தம் முழுக்க ஸ்பிரிங்டேலில் இருக்கிறது. ஷெனிதா வீட்டில் ஒரு அறையே காலி. ஆனால், "கார்மினா வீட்டுக்குத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டாராம்.

மார்ச் 30, சனி

அண்ணன் சோபாவில் குடியேறி மூன்று வாரமாகிறது. வந்ததிலிருந்து தேர்தல் பற்றி ஒரு சொல் இல்லை. சாப்பாட்டில் குறை சொல்வதில்லை. பேஸ்பால் பார்க்கிறார்.

ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எங்கள் பெண்கள் நிமிர்ந்து நடப்பது மரியாதை இல்லை. அதுவும் அண்ணன் முன்னால். அடுப்படிக்குப் போகவும் குனிகிறேன், கழிப்பறைக்குப் போகவும் குனிகிறேன். எட்டு மணி நேரம் கோழி வரிசையில் குனிந்துவிட்டு வந்து, வாடகை கட்டும் சொந்த வீட்டிலும் குனிந்தே நடக்கிறேன். ஜெல்டன் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். தலையிடவில்லை, தேய்த்தார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மதியம் அண்ணன் தானாகவே பேசினார். ஜெல்டன் வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசற்படிக்கு அருகில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் படம் இருக்காமே. காட்டு."

போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சின்னம்மா நனையலையே?"

"இல்லண்ணா."

"கல்லை நல்லாத்தான் அடுக்கியிருக்கான்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஷெனிதா வீட்டுக்கு ஏன் போகலைன்னு எல்லாரும் கேக்குறாங்க. கெஜ்ஜோ வீட்டுக்கு ஏன் போகலைன்னு கேக்குறாங்க. அவங்க எல்லாம் எனக்கு ஓட்டுப் போட்டவங்க. ஒரு மாசம் இருந்தா, எப்ப கிளம்புறேன்னு கேக்க அவங்களுக்கு உரிமை இருக்கு."

டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் கால் நீட்டினார்.

"நீ கேக்க மாட்ட."

நான் எழுந்து, குனிந்தபடியே உள்ளே போய், அவருக்கு இன்னொரு தலையணை எடுத்து வந்தேன்.