பேனா இருந்த பக்கம்

அம்மாவுக்கு உன் மகள் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

நேற்று ஒரு வேடிக்கை. ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போக வேண்டிய பெரியவரை, சக்கர நாற்காலியோடு ஆஸ்பத்திரிச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். "என்னம்மா, முதல்ல சாப்பாடா?" என்று அவர் சிரித்தார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஊருக்குக் கிளம்பிடு" என்றார்.

கடைத்தெருவில் திரும்ப வேண்டிய பக்கத்துத் தோளில் நீ பையை மாட்டிக்கொள்வாயே, அதுபோல நான் அந்தப் பக்கத்துச் சட்டைப்பையில் பேனாவைக் குத்திக்கொள்வேன். நேற்று வழியில் ஒரு நர்ஸ் அதை வாங்கி எழுதிவிட்டுத் தந்தாள். எந்தப் பையில் திரும்பப் போட்டேனோ!

டாக்டரம்மாவிடம் அழுதுவிட்டேன். "வழி பிடிபடறது ஓரளவு பிறவியிலேயே வர்றது, மீதி பழக்கம். வீட்ல வேற யாருக்கும் இப்படி இருக்கா?" என்று கேட்டார். "எங்கம்மாவை உரிச்சு வச்சிருக்கேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் பழக்கமும் வரவில்லையே, அம்மா. என்னால் முடியவில்லை.

உன் தையல் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊக்கு அனுப்பு. பேனாவைக் கேட்பார்கள், ஊக்கை யாரும் கேட்க மாட்டார்கள். இங்கேயும் கிடைக்கும், வாங்கப் போனால் திரும்பி வர வேண்டுமே.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். தபாலாபீசுக்குத் தனியாகப் போகாதே, எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொள். அப்பாவும் இல்லை. நாம் இரண்டு பேரும் வழி தவறிவிட்டால், தேடி வர வீட்டில் யார் இருக்கிறார்கள்?