மார்பில் தைத்த வேல்

1917 ஆகஸ்டு, ஞாயிறு இரவு.

வாய்மூடி இருந்தது போதும். பட்டாளத்துக்குச் சுமை தூக்கப் போய், பாஸ்ராவில் பேதியால் மாண்டவன் ஞானமுத்து. இன்று பாளையங்கோட்டை வேதக்கோயிலில் அவனுக்கு இரங்கற்பா படித்தவர், எனக்கு வரவேண்டிய தமிழ்ப் பண்டிதர் உத்தியோகத்தைத் தட்டிப் பறித்தவர். மார்பில் வேல் தைத்ததாம். குருதி தாமரையாய்ப் பூத்ததாம். சபையே உருகியது.

வெளியே அவன் தாய் என் கையைப் பற்றினாள்.

"ஐயா, பட்டாளத்துக் கடுதாசில பேதின்னுதான இருந்துச்சு? இவிய வேலுன்னு படிக்காவளே. எம்புள்ள ரொம்பத் துடிச்சிருப்பானோ?"

"பாட்டுக்குச் சொல்லுததும்மா அது. வேலெல்லாம் இல்ல."

"அச்சுல வரப்போவுதாமே. அச்சுல பொய்யா போடுவாவ?"

அவள் நம்பவில்லை. அழுதுகொண்டே போனாள்.

அந்தப் பாட்டை அச்சிடப்போகும் பத்திரிகைக்கு எழுதி முடித்தேன்: அவன் பேதியில் செத்தான், வேல் தைத்த வரியை எடுத்துவிடுங்கள். பெயர் போட்டால் என் பொறாமையைத்தான் பேசுவார்கள், அவளை மறந்துவிடுவார்கள். கையெழுத்தில்லாமலே காலையில் தபாலில் சேர்க்கிறேன்.