வரையாடு வண்டியின் பின்சட்டம்

நாள் 201, 07:30
கொற்கை நிலையம், செவ்வாய். எழுதுபவர் ஜெசிந்தா பர்னாந்து, வண்டி ஓட்டுநர், பழுதுபார்ப்பவர்.
பூமியிலிருந்து வந்த ‘வரையாடு’ மேட்டுநில வண்டி இன்றோடு முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சக்கரம், மின்கலம், காற்றுக் கலன்கள் சரி. தூசி தட்டும்போது வலது பின்சக்கரத்துக்கு மேலே, சட்டத்தின் வெல்டிங் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு கண்ணில் பட்டது. படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன்.

நாள் 204, 11:10
பதில் வந்தது: “இது மேற்பூச்சுக் கீறல். வேறு எந்த நிலையத்திலிருந்தும் இப்படிப் புகார் இல்லை. வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.”
பெயின்டைச் சுரண்டினேன். கோடு உலோகத்துக்குள் போகிறது. ஒன்பது வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன்களுக்கு வெல்டிங் பார்த்தவள் நான். கீறல் எது, விரிசல் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நாள் 206, 16:40
தொண்டி நிலையத்தில் இதே வண்டியை ஓட்டுபவர் சுலைமான். நேரில் பார்த்ததில்லை, வானொலிப் பழக்கம்தான். அவரிடம் கேட்டேன்.
“எனக்கும் அதே எடத்துலதான் அக்கா. வேற யாருமே சொல்லலைன்னு எனக்கும் எழுதியிருக்காங்க.”
மற்ற நிலையங்களிலும் விசாரித்தோம். ஒன்பது வண்டிகளில் ஆறில் விரிசல். ஆறு பேருக்கும் ஒரே பதில், ஒரு காற்புள்ளிகூட மாறாமல். ஆறையும் ஒரே கோப்பில் சேமித்து வைத்தேன்.

நாள் 207, 09:00
தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனிப் பம்ப் நின்றுவிட்டது. இங்கே இருபத்திரண்டு பேருக்குக் குடிநீர் அதிலிருந்துதான். பழைய வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வரையாட்டில்தான் போக வேண்டும்.
பொது அலைவரிசையில் எல்லா நிலையங்களையும் எச்சரிக்கிறேன் என்றேன். நிலையத் தலைவர் தணிகாசலம் ஒப்பவில்லை.
“பெரிசு பண்ணாதீங்க ஜெசிந்தா. அடுத்த கப்பல்ல இன்னும் பன்னெண்டு வண்டி வருது. இப்ப சத்தம் போட்டா அதுவும் வராது.”
இதே வண்டி இன்னும் பன்னிரண்டு வரட்டும் என்றா நான் காத்திருக்கிறேன்? இந்த உலோகத்துக்கான வெல்டிங் கம்பி எங்களிடம் கிடையாது. விரிசல் மேல் தகடு வைத்து போல்ட் முடுக்கினேன். சுலைமானுக்கும் அப்படியே செய்யச் சொன்னேன்.

நாள் 209, 10:15
பம்ப் ஓடுகிறது. திரும்பப் புறப்பட்டுச் சில நிமிடங்களில், முழங்கால் உயரக் கல் ஒன்றின் மேல் ஏறி இறங்கியபோது பின்சட்டம் முறிந்தது. நடந்து போகும் வேகத்தில்தான் ஓட்டினேன். பின்தளம் விழுந்து இரண்டு காற்றுக் கலன்களையும் கிழித்துவிட்டது. நான் உட்கார்ந்திருக்கும் காற்றடைத்த கூண்டு தாங்குகிறது. உள்ளே ஏழு மணி நேரக் காற்று இருக்கிறது. பம்ப் இருக்கும் இடத்தில் காற்று கிடையாது.
விண்வெளி உடை மாட்டி இறங்கி, முறிந்த இடத்தைப் பார்த்தேன். வெல்டிங் உள்ளே முழுக்கத் துளைகள். மேலே மட்டும் அழகாக ஒரு வரி ஓட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். செய்தவருக்குத் தெரியும். பார்த்துக் கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும்.

10:40
பொது அலைவரிசையில் சொல்லிவிட்டேன். வரையாட்டை யாரும் ஓட்டாதீர்கள், சட்டம் முறிகிறது என்று மூன்று முறை. தணிகாசலம் இம்முறை தடுக்கவில்லை. பிரித்துப் போட்ட பழைய வண்டியைத் திரும்பச் சேர்க்கிறார்களாம். பன்னிரண்டரைக்குக் கிளம்பும், வந்து சேரப் பதினொரு மணி நேரம்.

11:05
சுலைமான் கிளம்பிவிட்டார். அறுபது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். வராதீர்கள் என்று கத்தினேன்.
“தகடு போட்டிருக்கேன் அக்கா. மெதுவா வாறேன். இங்க உக்காந்து உங்க காத்து தீருறதைக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாது.”

14:10
தூரத்தில் அவருடைய வண்டியின் தூசி தெரிந்தது. நான்கு கிலோமீட்டர் இருக்கும். எழுந்து நின்று கையசைத்தேன், அவருக்குத் தெரியாது என்று தெரிந்தே. தூசி சட்டென்று நின்றது. கூப்பிட்டேன். பதில் இல்லை. விண்வெளி உடையோடு, கையில் தூக்கும் சிறு காற்றுக் கலனையும் எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.

15:50
அவருடைய கூண்டுக்குள்ளிருந்து எழுதுகிறேன். சுலைமான் உயிரோடு இருக்கிறார். வலது கால் இருக்கைக்கு அடியில் மாட்டி நசுங்கியிருக்கிறது, எடுக்க முடியவில்லை. அதே பக்கம், அதே வெல்டிங். தகடு முறியவில்லை. தகட்டைச் சுற்றியிருந்த உலோகம் பிய்ந்திருக்கிறது. அவரை வரவழைத்தது என் தகடு. ஒரு கலன் போய்விட்டது. மிச்சத்தில் இருவருக்கும் ஐந்து மணி நேரம். பழைய வண்டி வர ஏழரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.
என்னைக் கண்டதும் முதலில் மன்னிப்புக் கேட்டார். யார் கேட்க வேண்டிய மன்னிப்பு இது?

16:05
தயாரிப்பாளரின் செய்தி: “பொது அலைவரிசையில் ஆதாரமற்ற செய்தி பரப்புவதை நிறுத்தவும். இதுவரை எந்த வண்டியிலும் சட்டம் முறிந்ததாகப் பதிவில்லை.”
சுலைமானுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.
“நான் பேசலைக்கா. காத்து மிச்சமாகும். நீங்க எழுதுங்க.”

20:40
கண்டெடுப்பவருக்கு. ஒன்பது வண்டிகளில் இரண்டு முறிந்துவிட்டன. முறிவு இரண்டிலும் வலது பின்சக்கரத்துக்கு மேல், சட்டம் சேரும் இடத்தில். படங்கள் இந்தக் குறிப்போடு இருக்கின்றன. வெல்டிங்கை ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் வருவதற்கு முன்பு வாருங்கள். எங்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். முதலில் சட்டத்தை எடுங்கள். அதை அவர்கள் கையில் மட்டும்