மேடம் இல்லாத மீட்டிங்

ஜூன் 19, வியாழன்

வெயில். ராஜகிரிப் பாறை பக்கமிருந்து வருகிற காற்றும் சூடு. காலையிலிருந்து ஆபீஸ் அலமாரி ஒழிப்பு. மாதக் கடைசியில் மூடுகிறார்கள். கீழே இருக்கிற உரக்கடைக்காரர் மாடியைக் குடோனுக்கு எடுத்துக்கொள்கிறாராம்.

தேறியவை:
பழைய பேனர், ஒரு மூட்டை. மகளிர் குழு கோமதி கேட்டிருக்கிறாள், மாட்டுக் கொட்டகைக்கு.
காய்ந்துபோன மார்க்கர்கள்.
உடைந்த ஃபேன்.
சென்னையிலிருந்து வந்துபோன மேனேஜர்களின் பெயர்ப் பலகைகள். எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். சந்தோஷமாகத்தான்.

எனக்குப் பலகை இருந்ததே இல்லை. களப்பணியாளர், அப்புறம் ஒருங்கிணைப்பாளர், அப்புறம் மூத்த ஒருங்கிணைப்பாளர். முடி நரைத்தது, 'மூத்த' சேர்த்தார்கள். மேனேஜர் வேலை காலியாகும்போதெல்லாம் இங்கிலீஷ் பேசுகிற ஒருவர் வந்து இறங்குவார். ஊர் ஊராகக் கூட்டிப்போய் அவருக்கு எல்லாம் சொல்லித்தருவது என் வேலை. கற்றுக்கொண்டதும் இதைவிடப் பெரிய இடத்துக்குப் போய்விடுவார். ஞாயிறு ஞாயிறாக விழுப்புரம் போய் நான் படித்த மேலாண்மை டிப்ளமோ பீரோவில் தூங்குகிறது.

இந்த முறை யாரும் வந்து இறங்க முடியாது. எங்கள் தொண்டு நிறுவனம் செஞ்சியை விட்டே கிளம்புகிறது. நாங்கள் சேர்த்துவிட்ட மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு இனி தனியாக நடக்கும். கடன் கொடுப்பது, கடலை எண்ணெய்ச் செக்கு, எல்லாம் அந்தப் பெண்கள் பொறுப்பு. அவர்களே ஒரு மேலாளர் வைத்து, அவர்களே சம்பளம் கொடுப்பார்கள். அந்த வேலைக்கு என்னை விட்டால் யார்? எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வரட்டும்.

சாயங்காலம் வசந்தா அக்கா வந்தாள். கூட்டமைப்புத் தலைவி. எங்கள் காலனியில் எதிர்வீடு. முதல் குழுக் கூட்டத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசியவள், இப்போது பேங்கில் போய் நாற்காலி கேட்டு உட்காருகிறாள்.

"தர்மபுரிக்காரங்க இன்னா சொன்னாங்க?"

அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் புரோக்ராம் மேனேஜர் வேலை வந்திருக்கிறது. வீடும் தருகிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

"போவாத வாணி. நீ போயிட்டா நாங்க இன்னா பண்றது? நீதான் எங்க மேனேஜரு. நான் சொல்றேன் இல்ல."

சொல்லிவிட்டாள் இல்ல. போதும்.

ஜூன் 20, வெள்ளி

தர்மபுரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா நல்ல மாதிரி. "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். யோசித்துத்தான் என்றேன்.

வீட்டுக்காரர் சேகரிடம் காலையில் சொன்னபோது ஸ்கூல் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா சொல்லுச்சி, சரி. கமிட்டி சொல்லுச்சா?"

"அக்கா சொன்னா கமிட்டி சொன்ன மாதிரி."

"நல்லது."

அந்த 'நல்லது' பிடிக்கவில்லை. சண்டை போட்டேன். தோசை கருகியது. கருகியதையே வைத்தேன், பேசாமல் தின்றுவிட்டுப் போனார்.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிப் பார்த்தது: கே. வாணி, மேலாளர். கே. வாணி, மேலாளர். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

புழுக்கம். மேகம் வந்து கோட்டை மேல் நின்றுவிட்டுப் போய்விட்டது, மழை இல்லை.

செக்கு ஷெட்டில் கமிட்டிக்குக் கடைசிப் பயிற்சி. தலைப்பு: வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி. என்னையே எடுக்கப் போகிறார்கள், நானே பாடம் நடத்துகிறேன். கொஞ்சம் கூச்சம். ஆனாலும் நன்றாக நடத்தினேன். சொந்தக்காரர் என்று பார்க்காதீர்கள். பழக்கம் என்று பார்க்காதீர்கள். வேலை செய்கிறவரை நாளைக்கு நீங்கள் கேள்வி கேட்க முடியுமா என்று பாருங்கள். ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர் அந்த ரூமில் இருக்கக் கூடாது, இருந்தால் யாரும் மனசில் உள்ளதைப் பேச மாட்டார்கள்.

கோமதி எழுந்து நின்றாள். உட்கார்ந்தே கேள் என்றால் கேட்க மாட்டாள்.

"ஆளு சரியில்லன்னா நிறுத்தலாமா மேடம்?"

"தாராளமா நிறுத்தலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வாணி என்று கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அந்த மேடம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. வசந்தா அக்காகூட வீட்டில் வாணி, மீட்டிங்கில் மேடம்.

மேலாளர் தேர்வு எப்போது என்று கேட்டேன். "பொதன்கெழம அமாவாசை, எல்லாரும் மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போறோம். வெள்ளிக்கெழம வெச்சிக்கலாம்" என்றாள் அக்கா. மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார்கள். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மத்தியானம் முழுக்க கரண்ட் இல்லை. அலமாரியை விலைக்குக் கேட்டு வந்தவன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தே ஒரு மணி நேரம் கழித்தான். டெய்லர் பிளவுஸ் தரவில்லை.

டைரக்டர் சார் போன். "நீங்கதான் வாணி நம்ம நிறுவனத்தோட முதுகெலும்பு." முதுகெலும்பை இங்கேயே விட்டுவிட்டு எப்படி எழுந்து போகிறீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. நன்றி சார் என்றேன்.

நாளைக்கு நானும் மேல்மலையனூர் போகலாம் என்று தோன்றியது. அவர்களோடு ஒரு நாளாவது ரிஜிஸ்டர் இல்லாமல் உட்கார வேண்டும். அக்காவிடம் சொல்லவில்லை, போய் நின்று திடுக்கிட வைக்கலாம். நல்லபடியாக வேலை அமைந்தால் என்று ஒரு வேண்டுதலும் உண்டு. சேகரிடம் சொல்லவில்லை, சிரிப்பார்.

ஜூன் 25, புதன். அமாவாசை

ஸ்பெஷல் பஸ்ஸில் ஒற்றைக்காலில் பயணம். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் கோழி. கோவிலில் தலைகள்தான் தெரிந்தன. எலுமிச்சம்பழ மாலை வாங்கினேன். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கூட்டத்தில் கேட்டிருக்காது என்று திரும்பத் திரும்பப் போட்டேன்.

பொங்கல் வைக்கிற இடத்தில் கோமதியின் நாத்தனார்.

"கோமதி எங்க?"

"அவ எங்க வந்தா! அனந்தபுரத்துல மீட்டிங்காம், காலையிலயே கெளம்பிட்டா. வசந்தாக்கா, எல்லாரும் அங்கதான் போயிருக்குது." அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போவலியா மேடம்? உங்க மீட்டிங்கு தான அது?"

"போவணும்" என்றேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மாலையைப் பூசாரி வாங்கி உள்ளே வீசினார். எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வேண்டுதல் எதுவும் சொல்லவில்லை, வாய் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்காரப் பிடிக்கவில்லை.

பொய் சொல்வதற்கு வேறு சாமி கிடைக்கவில்லையா இவர்களுக்கு. அங்காளம்மன் பேரைச் சொல்லி.

ஜூன் 26, வியாழன்

தூங்கவில்லை. விடிந்ததும் எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிதா மீட்டிங்கு?"

தேய்ப்பது நின்றது. "யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா. யாரு மேனேஜரு?"

"அனந்தபுரத்துப் பொண்ணு. திவ்யா. பி.காம் படிச்சிருக்குது."

"எல்லாரும் கை தூக்கினாங்களா?"

"தூக்கினாங்க."

"நீ?"

"நான்தான் மொதல்ல தூக்கினேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "காலனிப் பொண்ணுன்றதாலயா?"

"வாயக் கழுவு. நான் எந்தத் தெரு?"

"பின்ன இன்னாக்கா?"

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உன்னத் திட்ட முடியாது வாணி. செக்குல ஒண்ணு தப்பா போச்சின்னா அந்தப் பொண்ண நாலு பேரு நிக்க வெச்சி கேப்போம். உன்ன யாரு கேப்பா? மேடம் செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு போயிடுவாளுங்க. கோமதி இன்னைக்கும் உன்னப் பாத்தா எழுந்து நிக்கறா. எழுந்து நிக்கறவ எப்படிக் கேள்வி கேப்பா?"

"அத என் மூஞ்சிக்கு நேரா சொல்றதுதான?"

"சொல்லியிருந்தா நீ பேசியே எங்கள மாத்தியிருப்ப."

ஆமாம். மாற்றியிருப்பேன். அது உண்மையாக இருப்பதுதான் இன்னும் எரிகிறது.

"அப்ப தர்மபுரிக்குப் போவாதன்னு ஏன் சொன்ன?"

"அன்னிக்கி அப்படித்தான் நெனச்சேன். சத்தியமா. ஞாயித்துக்கெழம நீ பாடம் எடுத்த பாரு, அதக் கேட்டுட்டு, நீ டீ சொல்லப் போனப்பதான் எல்லாரும் உக்காந்து யோசிச்சோம்."

"யோசிச்சதும் என்கிட்ட ஏன் சொல்லல?"

"பயம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். வேற யாருக்கு நான் பயப்படறேன்?"

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். எதிர்வீடு. சாத்தினாலும் பாத்திரச் சத்தம் கேட்கிறது.

ஜூன் 28, சனி

தர்மபுரிக்குப் போன் செய்தேன். வெட்கத்தை விட்டு. "நேத்துதான் ஒருத்தர் சேர்ந்தாங்க, சாரிம்மா." நேத்து.

டைரக்டர் சாரிடம் அழக் கூடாது என்று நினைத்து அழுதுவிட்டேன். அவர் முழுதாகக் கேட்டார். பிறகு உற்சாகமாகிவிட்டார். "யோசிச்சுப் பாருங்க வாணி, சமூகம் தானா முடிவெடுத்திருக்கு! இதுதானே நாம வேணும்னது? கடைசி அறிக்கைல இத ஒரு பக்கம் எழுதிடுங்களேன்." என் வேலை போன கதை, அவர்கள் சாதனை. எழுத வேண்டியது நான்.

துரோகம். வேறு நாசூக்கான வார்த்தை தேடப் போவதில்லை. அக்கா செய்தது துரோகம். சார் செய்தது அதைவிடச் சுத்தமான துரோகம், அவருக்குத் தெரியக்கூட இல்லை. ஒரு மனுஷியை மேலே ஏற்றி நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் கையை எடுத்துவிட்டார்கள். என்ன செய்யச் சொன்னார்களோ அதைத்தான் செய்தேன். நன்றாகச் செய்தேன். அதனால் எனக்கு இடம் இல்லை.

சேகர் பரோட்டா வாங்கி வந்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரையாவது திட்டியிருப்பேன்.

ஜூன் 30, திங்கள்

ஆபீஸ் காலி. கடைசியாகக் கூட்டியது நான்தான்.

அக்கா மாடி ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றாள். பொதன்கெழம அந்தப் பொண்ணு வேலைக்கு வருது, நீ வந்து சாவி குடுத்து நாலு வார்த்த சொல்லிட்டுப் போ என்றாள். சொல்லிக்கொடுக்கவும் நான்தான் வேண்டுமாம். மறுபடி ஒரு மேனேஜருக்கு.

வர மாட்டேன் என்றேன்.

"வருவ" என்றாள். கோபத்தில் துடைப்பத்தை வீசினேன், அவள் மேல் இல்லை, சுவர் மேல்.

செய்ய வேண்டியது: பயோடேட்டா அடிக்க வேண்டும். பிளவுஸ் வாங்க வேண்டும். திருவண்ணாமலையில் யாரையாவது தெரியுமா என்று கேட்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

போனேன்.

செக்கு ஷெட்டில் பாய் விரித்து எல்லோரும். நான் நுழைந்ததும் மொத்தமாக எழுந்தார்கள். கோமதி நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ, எனக்கு மட்டும் பூப்போட்ட கண்ணாடிக் கப்பில், சாசரோடு. எங்க நைனாவுக்கு ஊர் டீக்கடையில் தனி கிளாஸ். அது தள்ளி வைப்பதற்கு. இது மரியாதைக்கு. ஆனாலும் குடிக்க முடியவில்லை, ஆறிப்போனது.

திவ்யா தாமதம். பஸ் வரவில்லையாம். வியர்த்துப்போய் ஓடி வந்தாள்.

கோமதி உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள். "இன்னாம்மா இது, மொத நாளே? களை எடுக்கறத வுட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கறோம், உனக்கு நேரம் தெரியாதா?"

"சாரிக்கா. நாளையிலிருந்து முன்னாடி பஸ்ஸ புடிச்சிடறேன்."

"புடிக்கணும். ஒக்காரு. சாப்டியா?"

நகர்ந்து இடம் விட்டார்கள். வறுத்த கடலைத் தட்டு அவள் பக்கம் போனது. வருடக்கணக்கில் இந்தக் கோமதியைப் பேசவைக்க நான் பட்ட பாடு. பேசுகிறாள், எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. திட்டு வாங்கியவள் மேல் பொறாமை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு நானும் பாயில் உட்கார்ந்தேன். எல்லோரும் பதறி ஒதுங்கினார்கள். என்னைச் சுற்றி மட்டும் பாய் காலியாக.

சாவி கொடுத்தேன். பேச்சு தொடங்கியது. திண்டிவனம் கடைக்கு எண்ணெய் ஏன் இன்னும் போகவில்லை என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரியும். எண்ணெய் அடைக்க டின் இல்லை; டின் சப்ளை செய்கிறவர் மகள் கல்யாணம், அவர் கடை மூடியிருக்கிறது. திவ்யா விழித்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"மேடம், நீங்க சும்மா இருங்க" என்றாள் வசந்தா அக்கா. "அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

திவ்யா தப்பாகச் சொன்னாள். வண்டி கிடைக்கவில்லை என்று ஏதோ. தப்பு என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்திகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.