வெயிலில் வைத்த மூன்று செல்கள்

மே 26, செவ்வாய்

ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். மாடியில் சரோஜா கூழ் வத்தல் ஊற்றியிருக்கிறாள். காக்கை ஓட்டும் வேலை எனக்கு. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. தண்ணீர் இன்னும் வரவில்லை.

போன வாரம் வரை வத்தல் துணிக்குப் பக்கத்தில் என் பழைய செல்களும் வரிசையாகக் கிடக்கும். தீர்ந்த டார்ச் செல்லை வெயிலில் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும். அப்பாவின் பழக்கம், நானும் விடவில்லை. புதியவற்றோடு கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி 'வெ' என்று எழுதிவைப்பேன். இன்று அந்த இடம் காலி.

சரோஜா: "இன்னாங்க, இன்னிக்கி உங்க பேட்டரி வத்தல் போடலியா?"

சிரித்து வைத்தேன்.

மாலை அடி அண்ணாமலை போய் அவள் தம்பி ஏழுமலையைப் பார்ப்பதாக இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை.

மே 27, புதன்

வேறு வழியில்லாமல் போனோம், பஸ்ஸில். ஏழுமலை கட்டிலில். வலது கணுக்காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம். போன வியாழன் விடியுமுன் மோட்டார் போடக் கழனிக்குப் போனவன் (மும்முனை கரண்ட் அந்த நேரத்தில்தான்) வரப்பு தெரியாமல் வாய்க்காலில் விழுந்திருக்கிறான். கையில் இருந்தது என்னிடம் வாங்கிப்போன டார்ச்.

"நல்லாத்தான் போய்க்கினு இருந்தேன் மாமா. அப்பிடியே மங்கலா ஆயிடிச்சி. அப்பறம் ஒண்ணும் தெரில."

அவன் மனைவி மல்லிகா: "டார்ச்சு வாய்க்கா ஓரமா கெடந்திச்சிண்ணா. காலைல அமுக்கிப் பாத்தா பளபளன்னு எரியுது. கோளாறு இவரு கண்ணுலதான்."

ஏழுமலை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். பிறகு மற்றதைப் பொத்திக்கொண்டு.

மகன் பிரபு ஓசூரிலிருந்து சனிக்கிழமை வருகிறான். ஞாயிறு காலை கழனியைக் குத்தகைக்குப் பேசி முடிக்கப் போகிறார்கள். "கண்ணு தெரியாதவரை இனிமே அங்க அனுப்பாதம்மா" என்று போனில் சொன்னானாம்.

மல்லிகா டார்ச்சைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் தந்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மே 28, வியாழன்

புழுக்கம். எழுதிவிடுகிறேன், இங்கேயாவது.

1. டார்ச் மகள் வாங்கித் தந்தது. உள்ளங்கை நீளம், சட்டைப்பையில் அடங்கும். அடித்தால் தெருமுனை வரை வெளிச்சம். மூன்று சின்ன செல்.

2. ஏழுமலை இரவல் கேட்டான். முன்னால் வாங்கிப்போன குடை இன்னும் அவனிடம். ஸ்பேனரும். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3. "இரு, செல் பார்த்துத் தரேன்" என்று உள்ளே போய், புது செல் மூன்றையும் கழற்றினேன். வெயிலில் வைத்த மூன்றைப் போட்டேன்.

4. 'வெ' தாள்களைக் கிழித்துவிட்டுப் போட்டேன்.

நான்காவதுதான் தூங்கவிடுவதில்லை.

முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன். செல் பழசாக ஆக அகமின்தடை ஏறும். சும்மா மீட்டர் வைத்து அளந்தால் புதிது மாதிரியே காட்டும். வேலை கொடுத்தால் படுத்துவிடும், ஓய்வு கொடுத்தால் மறுபடி எழுந்துகொள்ளும். மல்லிகா காலையில் அமுக்கியபோது பளபளத்தது அதனால்தான். அவர்கள் யாருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரியும். சீக்கிரம் அணையும் என்று தெரிந்தே கொடுத்தேன். அணைந்தால் சலித்துப்போய்த் திருப்பித் தருவான் என்று கணக்கு. வரப்பும் வாய்க்காலும் கணக்கில் வரவில்லை.

அந்த மூன்று செல்லும் இப்போது மேசை இழுப்பறையில், மாத்திரை டப்பாவுக்குப் பின்னால். ஏன் ஒளித்தேன்?

மே 29, வெள்ளி

தேரடி வீதி, எலக்ட்ரிக்கல் கடை.

"ரிமோட்டுக்கா சார், டார்ச்சுக்கா?"

டார்ச்சை எடுத்துக் காட்டினேன்.

"ரிமோட்டு, கடியாரம்னா சாதா செல்லு போதும். இந்த மாதிரி பளிச்சுனு அடிக்கிற டார்ச்சு கரண்ட்டை ஜாஸ்தி இழுக்கும். எப்பவாச்சும் போடறதுன்னா ஆல்கலைன் வாங்கிக்கோங்க. தெனம்னா சார்ஜ் பண்ற செல்லு. வோல்ட்டு கொஞ்சம் கம்மிதான், ஆனா கடைசி வரைக்கும் சீரா நிக்கும்."

எனக்குத் தெரிந்த பாடத்தை அவர் வாயால் கேட்டுக்கொண்டு நின்றேன். மூன்றும் ஒரே கம்பெனி, ஒன்றாக வாங்கியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பழசும் புதுசும் கலந்தால் பழசு புதுசையும் கெடுத்துவிடுமாம். தேதி பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பின்னால் ஒரு அம்மாள்: "செல்லு பாக்கறாரா, பொண்ணு பாக்கறாரா?"

சார்ஜ் செய்யும் செல் வாங்கினேன், சார்ஜரோடு. ஏழுமலைக்குத் தினமும் வேண்டுமே. கழனி போய்விட்டால் எதற்கு என்று பஸ் ஸ்டாண்டு வந்த பிறகு தோன்றியது.

சாப்பிடும்போது சரோஜா: "பிரபு சொல்றதும் நாயந்தான். நாளைக்கிக் கெணத்துல விழுந்துட்டா?" அப்போது சொல்லியிருக்கலாம். ரசம் நன்றாக இருக்கிறது என்றேன்.

மே 30, சனி

ஊரெங்கும் பௌர்ணமிக் கூட்டம். எங்கள் வேங்கிக்கால் பக்கம்கூட வண்டிகள் நகரவில்லை. நாளை கிரிவலப் பாதையில் ஆட்டோ, பஸ் விடமாட்டார்கள். ஆகவே அடி அண்ணாமலைக்குப் போக முடியாது.

இதை எழுதியதும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் வெட்கம்.

செல் சார்ஜ் ஏறிவிட்டது. பச்சை விளக்கு.

மே 31, ஞாயிறு

கா. 5.30க்கு சரோஜாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம். காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள், வெகு நேரம். "என்கிட்ட எதுக்கு? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

ஆட்டோ போலீஸ் தடுப்பு வரை. மிச்சம் நடை. அந்தப் பக்கமிருந்து அடி அண்ணாமலைக்கு எதிர்த்திசைதான் கிட்டே. எல்லோரும் மலையை வலம் வர, எனக்கு மட்டும் மலை இடப்பக்கம். எல்லோரும் வெறுங்கால், நான் செருப்போடு. மூன்று பேர் நிறுத்தினார்கள். ஒரு பெண், "தாத்தா, எதிர்ல போறீங்க. பாவம்." "தெரியும்மா" என்றேன்.

வீட்டில் பிரபு, மல்லிகா, கட்டிலில் ஏழுமலை. குத்தகைக்காரர் இன்னும் வரவில்லை. நான்கையும் வரிசையாகச் சொன்னேன், குடை உட்பட. பிரபு, "அப்பாவுக்காகச் சும்மா சொல்றீங்க மாமா" என்றான். கதவு ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். டார்ச்சில் பழைய மூன்றையும் போட்டுச் சுவர்க் காலண்டர் மேல் அடித்தேன்.

"படி, ஏழுமலை."

தேதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் படித்தான். பிரபு செல்போனில் மணி பார்த்தான். ஏழாம் நிமிடம் ராகு காலம் போயிற்று. பத்தாம் நிமிடம் தேதி மட்டும். அப்புறம் மங்கலாக ஒரு பொட்டு, இருட்டு. தடவித் தடவிப் புது செல்லை மாற்றினேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயர்வரை படித்தான்.

"எனுக்குக் கண்ணு தெரியுதுடா" என்றான் மகனிடம்.

பிரபு, "இன்னா மாமா நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலையும் கதவையும் திறந்தான். வாசலில் குத்தகைக்காரர். கட்டிலிலிருந்தே ஏழுமலை: "கழனி குடுக்கல. நடந்து வந்திருக்கே, காப்பி சாப்ட்டுட்டுப் போ."

அவர் போன பிறகு என்னிடம்: "இல்லன்னு சொல்லியிருக்கலாமே மாமா. நான் சண்டைக்கா வந்திருப்பேன்?"

டார்ச் இனி உன்னுடையது, புது செல்தான் உள்ளே இருக்கிறது என்று நீட்டினேன். வாங்கினான். பின்மூடியைத் திருகி, மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். சற்றுமுன் அதே வெளிச்சத்தில் அச்சகத்தின் பெயர்வரை படித்திருந்தும்.

"மல்லிகா, மாமா கொடைய எடுத்தா. வெயிலு ஜாஸ்தியா இருக்குது."

வாங்கிக்கொண்டேன். தடுப்பு வரை மடித்தே பிடித்துக்கொண்டு வந்தேன்.